புழுப் பானை

மண்புழுவை எங்கள் பக்கம் நாக்குப்பூச்சி என்போம். கரிசல் காட்டில் அது லேசில் கிடைக்காது. மழை விழுந்த முதல் நாள் மேலே வரும். அன்றைக்கே பொறுக்கினால் உண்டு. மறுநாள் மண் களியாகிவிடும். மண்வெட்டி இறங்கினால் ஏறாது.

பொறுக்கியதை வைத்துக் காப்பதுதான் வேலை. அடியில் ஓட்டை விழுந்த பழைய மண்பானை ஒன்று வைத்திருந்தேன். ஓட்டை வேண்டும். தண்ணீர் தேங்கினால் புழு செத்துப்போகும். உள்ளே செம்மண், மக்கின சாணி, இரண்டு கை உதிர்ந்த இலை. கரிசல் மண் போடக்கூடாது. காய்ந்தால் இறுகிப் புழுவை நெரித்துவிடும். மேலே ஈரச் சாக்கு. செத்தது ஒன்று கிடந்தாலும் எடுத்து எறிய வேண்டும், இல்லையென்றால் மற்றதும் அழுகும்.

கண்மாய்க்கு மீன் பிடிக்கக் கொண்டுபோகத் தகர டப்பா ஆகாது. சைக்கிளில் கட்டினால் வெயிலில் சுட்டுவிடும். இரண்டு தேங்காய்ச் சிரட்டையை வாயோடு வாய் வைத்து, உள்ளே ஈரப் பாசி அடைத்து, துணியில் கட்டி இடுப்பில் முடிந்துகொள்வேன். பாசியில் கிடந்த புழு கெட்டிப்படும். தூண்டிலில் நிற்கும்.

இதெல்லாம் தெரிந்தும் ஒரு தடவை தப்புச் செய்தேன்.

அறுபது, அறுபத்தொன்றாம் வருஷம் இருக்கும். சிவகாசிக்குப் பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து சலிக்கிற வேலை எனக்கு. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. சரக்கு காயாது, அதனால் கம்பெனி அடைப்பு. வீட்டில் என் மனைவிக்கு விஷக்காய்ச்சல் வந்திருந்தது. காய்ச்சல் போனது, சாப்பாடு இறங்கவில்லை. கஞ்சியைக் கண்டாலே குமட்டினாள். எலும்பும் தோலுமாக இருந்தாள். விருதுநகரில் கடல் மீன் வாங்கிவந்து ஆக்கிக் கொடுத்தேன். ரயிலில் வந்து நாளாகிப்போன மீன். வாடைக்கே வாந்தி எடுத்தாள்.

"கம்மாக் கெளுத்தின்னா ரெண்டு வாய் திம்பேன்" என்றாள். வேறு எதையும் அவள் கேட்கவில்லை.

முதல் மழையிலேயே புழு பொறுக்கிப் பானையில் போட்டிருந்தேன். மழை விட்டதும் போவோம் என்று அவள் அண்ணனிடம் சொல்லிவைத்தேன்.

பானையை மூடிய சாக்கு இற்றுப்போயிருந்தது. கம்பெனியில் வெடியுப்பு வந்த சாக்கு ஒன்று வீட்டில் கிடந்தது. எங்கள் ஆட்கள் குடிதண்ணீர்ப் பானைக்கு அடியில் போட அதைத்தான் கேட்டு வாங்குவார்கள். நனைத்தால் சில்லென்று இருக்கும், சீக்கிரம் காயாது. தண்ணீர்ப் பானைக்கு ஆகிறது புழுப் பானைக்கும் ஆகும் என்று நினைத்தேன். ஒரு தடவை அலசிப் போட்டேன். மேலே தண்ணீரும் தெளித்தேன்.

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. மச்சான் சைக்கிளோடு வந்தார். சாக்கை எடுத்தேன். புழு எல்லாம் வெளுத்துக் கிடந்தது. கிளறினேன். ஒன்றும் அசையவில்லை. உப்பு இறங்கியிருக்கிறது.

மச்சான் குனிந்து சாக்கைப் பார்த்தார்.

"ஏ மச்சான், தீவாளிக்கு நாக்குப்பூச்சிக்குமா மருந்து கெட்டுனீக?"

நான் சாக்கைச் சுருட்டித் தூர எறிந்தேன்.

"சரி விடுங்க, இதையே மாட்டுவோம். கடிச்ச மீனு கரையிலயே வெடிச்சுரும். அறுக்கிற சோலி மிச்சம்."

"சும்மா இருங்க. வெயிலடிச்சா நாளைக்குக் கம்பெனியத் தொறந்துருவாக. இன்னைக்கு விட்டா அடுத்த மழைதான். அது வரைக்கும் அவ தாங்கணும்."

"அதுக்கு என்ன செய்ய? தெருப் பூராம் தோண்டியாச்சு. சோத்து உருண்டைக்குக் கெளுத்தி வராது."

உள்ளே படுத்திருந்த என் மனைவி குரல் கொடுத்தாள். "பொறத்தாலே, வாழை மூட்டுல தோண்டுங்க."

குளிக்கிற தண்ணீரை விட்டு அவள் வளர்த்த வாழை. எங்கள் தெருவில் பிழைத்த வாழை அது ஒன்றுதான். குலை தள்ளுகிற பருவம். பக்கத்தில் கோழியைக்கூட விட மாட்டாள்.

"வேர் அத்துப்போகும்" என்றேன்.

"அத்தா அத்துட்டுப் போகுது."

மச்சானுக்கு நம்பிக்கை வரவில்லை. "ஏத்தா, ஒரு எலை கேட்டதுக்கு அன்னைக்கு என்னைய அடிக்க வந்தியே!"

"கத பேசாம மம்பட்டிய எடுண்ணே."

ஒரு முழம் தோண்டினோம். இருபது புழுப் போலச் சேர்ந்தது, எல்லாம் தடித்த புழு. வேர் நிறைய அறுந்தது. மரம் ஒரு பக்கம் சாய்ந்தது. கம்பு ஊன்றி முட்டுக் கொடுத்தேன். புழுவை நேரே சிரட்டையில் அடைத்துக் கிளம்பினோம்.

ஒவ்வொரு புழுவையும் மூன்று துண்டாகக் கிள்ளி மாட்டினோம். முதல் ஆறு துண்டையும் கெண்டைக் குஞ்சு தின்றுவிட்டது. மத்தியானத்துக்குள் நாலு கெளுத்தி. ஒன்றின் முள் மச்சான் கையில் ஏறி, கை வீங்கிவிட்டது. அவருக்கு இரண்டு எடுத்து நீட்டினேன்.

"அவளுக்குப் போடுங்க" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார்.

நானே ஆக்கினேன். அவள் எழுந்து உட்கார்ந்து, முள்ளை எடுத்துவிட்டு ஒரு வாய் வைத்தாள். பார்த்துக்கொண்டே இருந்தேன். குமட்டவில்லை. ஒரு மீன் முடிந்தது.

"புளி சாஸ்தி" என்றாள். பிறகு, "இன்னொன்னு வைங்க" என்றாள்.

சட்டியையே அவள் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன்.