பொடி டப்பாமேல் போட்ட பழி

எங்கள் அண்ணன் வீட்டுக் காளை பேரீச்சம்பழம் தின்னும். பருத்திக்கொட்டையை ஊறவைத்து அரைத்துக் கொடுப்பார்கள். உளுந்து, கொள்ளு, நாட்டுக்கோழி முட்டை எல்லாம் தனி. காளைகளைத் தெருவில் ஓடவிட்டு நேரம் பார்க்கும் மாடு விடும் திருவிழா நெருங்கிவிட்டால் அதற்கு நடக்கும் உபசாரம் தலைதீபாவளிக்கு வந்த மாப்பிள்ளைக்குக்கூட நடக்காது. ஊரே வந்து திமிலைத் தடவிப் பார்த்து, "இன்னாமா ஏத்தி வச்சிக்கீற மாட்டை!" என்று மெச்சிவிட்டுப் போகும். அதன் கிட்னி எப்படி இருக்கிறது என்று ஒரு மனிதர் கேட்டதில்லை. நான் தண்ணீரில் ஒரு சின்னக் கரண்டி வெள்ளைப் பொடியைக் கலக்கிக் குடித்ததும்தான் அத்தனை பேருக்கும் கிட்னி ஞாபகம் வந்தது.

ஆலங்காயத்துக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில், ஒரு பள்ளிக்கூடத்தில் நான் உடற்கல்வி ஆசிரியை. ஊருக்கு பி.டி. டீச்சர். பெண்பிள்ளைகளுக்குக் கபடி சொல்லிக்கொடுக்கிறேன். நாற்பது தாண்டியதும் முட்டி தகராறு செய்ய ஆரம்பித்தது. பாய்ந்து பிடித்துக் காட்ட வேண்டியவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தால் பிள்ளைகள் சிரிக்கத்தானே செய்யும்? வாணியம்பாடியில் ஒரு ஜிம்மில் சேர்ந்து பளு தூக்கப் பழகினேன். சேரும் முன் ரத்தம், சிறுநீர், பிரஷர் எல்லாம் பார்த்துக்கொண்டேன்; ஒரு குறையும் இல்லை. அதற்குப் பிறகுதான் கிரியேட்டின் பொடி டப்பா என் அலமாரிக்கு வந்தது.

அது என்ன, ஆகாயத்திலிருந்து குதித்த வஸ்துவா? நம் உடம்பே அதைச் செய்துகொள்கிறது. ஆட்டுக்கறியில் இருக்கிறது, மீனில் இருக்கிறது. தசைக்கு அவசரத்தில் சக்தி எடுத்துக்கொடுக்கிற சரக்கு, அவ்வளவுதான். கடையில் விற்கிற சத்துப் பொடிகளில் இதைப்போல வருஷக்கணக்காகச் சோதித்துப் பார்த்தவை மிகக் குறைவு. ஆரோக்கியமான பெரியவர்கள் சொன்ன அளவில் சாப்பிட்டால் சிறுநீரகம் கெடும் என்று அந்தச் சோதனைகளில் தெரியவில்லை. உடம்பில் கொஞ்சம் நீர் கோத்து எடை ஏறும், சிலருக்கு வயிறு உப்பும். ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், வேறு மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. அதை அமிர்தம் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. என் பிள்ளைகளுக்கு ஒரு சிட்டிகைகூடக் கொடுத்ததில்லை. வளர்கிற பெண்களுக்கு முட்டையும் வேர்க்கடலையும் களியும் போதும் என்று வாய் வலிக்கச் சொல்கிறவள் நான்.

பிறகு ஒரு நாள் ஆசிரியர்களுக்கு மருத்துவ முகாம் நடந்தது. என் ரத்தத்தில் கிரியேட்டினின் என்கிற கழிவு வழக்கமான அளவைவிடக் கொஞ்சம் கூடியிருந்தது. முடிவைக் கொடுத்தவர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். அத்தனை ஆசிரியர்களும் இருக்கும்போது, "மேடம், கிட்னியைப் பாத்துக்கோங்க. பவுடர் எதுனா சாப்புட்றீங்களா?" என்று உரக்கக் கேட்டார். சாப்பிடுகிறேன் என்றேன். பொய் சொல்ல அது என்ன திருட்டுச் சரக்கா? ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பள்ளி விடுவதற்குள் செய்தி அண்ணன் வீட்டு மாட்டுக்கொட்டகைக்குப் போய்விட்டது.

அண்ணன் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத்தான் உட்கார்ந்தார். மாசியில் நடந்த திருவிழாவில் அந்தக் காளை கயிற்றோடு அவரை இழுத்துப் போட்டிருந்தது. இனி ஒரு தடவை இடுப்பு வலி என்று வாயைத் திறந்தால் மாட்டைச் சந்தையில் கட்டிவிடுவேன் என்று அண்ணி சத்தியம் செய்திருந்தாள். அன்றிலிருந்து அண்ணனுக்கு வலியே கிடையாது. ஏதோ பழைய பிடிப்பு, வலி போய்விட்டது என்று நாங்களும் நம்பினோம்.

"இன்னா பாப்பா, இன்னாவோ மருந்து ஏத்திக்கினு கீறியாமே?" என்றார். "பொம்பள புள்ளைக்கு எதுக்கு இந்த வேலை? வா வேலூருக்கு. பெரிய டாக்டர் வாயால சொன்னாத்தான் உனுக்கு புத்தி வரும்."

போனோம். சிறுநீரக டாக்டர் ஒரு பெண்மணி. முகாமில் எடுத்த முடிவையும் அதற்கு முன்பு எடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இந்தப் பொடி உடம்புல வேலை முடிச்சிட்டு அந்தக் கழிவாத்தான் மாறி வெளிய போகும். அதனால டெஸ்ட்ல கொஞ்சம் கூடத்தான் காட்டும். அதுக்காக கிட்னி கெட்டுடுச்சுன்னு அர்த்தம் இல்ல. ஆனா சும்மாவும் விடக் கூடாது" என்றார். பொடியைச் சில வாரம் நிறுத்தச் சொன்னார். பொடியால் மாறாத வேறொரு ரத்தப் பரிசோதனையும், சிறுநீரில் புரதம் கசிகிறதா என்று பார்க்கும் பரிசோதனையும் எழுதினார்.

அண்ணனுக்கு முகம் தொங்கிப்போனது. என் கிட்னி போகவில்லை என்பதில் அவருக்கு அத்தனை ஏமாற்றம். "டாக்டர் சின்னப் பொண்ணா கீறாங்க, அவங்களுக்கு இன்னா தெரியும்" என்று வராந்தாவிலேயே ஆரம்பித்தார். எனக்கு எரிச்சல் தலைக்கு ஏறியது. "அவ்ளோ அக்கறை இருந்தா நீயும் ரத்தம் குடேன், பாக்கலாம்" என்றேன். காளைக்காரர் அல்லவா, மார்பை நிமிர்த்திக்கொண்டு கையை நீட்டினார்.

அடுத்த முறை போனபோது என் முடிவு எல்லாம் சரி. நிறுத்தியதும் கழிவும் பழைய அளவுக்கு இறங்கிவிட்டது. அண்ணன் முடிவைப் பார்த்ததும் டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். சிறுநீரில் புரதம் கசிந்துகொண்டிருந்தது. ரத்தத்தில் கழிவு எனக்கு இருந்ததைப்போலப் பல மடங்கு.

"நீங்க எதாவது சாப்பிடுறீங்களா?"

"நானா? பச்சத் தண்ணியத் தவிர ஒண்ணும் கெடையாதும்மா."

"வலி மாத்திரை?"

அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். மாசியிலிருந்து தினமும் போட்டுக்கொண்டிருக்கிறார். மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் வாங்கி, வலி அதிகமானால் காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, படுக்கும்போது இன்னொன்று. "இனிமே ஒண்ணுகூடத் தொடக் கூடாது. இத்தோட நிறுத்துனா இருக்கிறதக் காப்பாத்திக்கலாம்" என்றார் டாக்டர். எனக்கு அண்ணன்மேல் வந்த கோபத்தைவிடப் பயம்தான் பெரிதாக இருந்தது.

பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க அண்ணிக்குத் தெரிஞ்சா மாட்டை வித்துடுவா பாப்பா. நானே பக்குவமா சொல்லிக்கிறேன். நீ வாயத் தொறக்காத." கண்ணில் தண்ணீர் நின்றது. கூடப்பிறந்தவர் ஆயிற்றே. சரி என்றேன்.

அவர் சொன்ன பக்குவம் இரண்டு நாள் கழித்து என் காதுக்கு வந்தது. கிட்னியில் அடி விழுந்திருக்கிறது என்பதை அண்ணியிடம் சொல்லியிருக்கிறார். எப்படி விழுந்தது என்று அவள் கேட்டதற்கு, "பாப்பா வூட்ல அந்தப் பொடியக் கரைச்சு ரெண்டு மூணு தபா குடிச்சேன், அதான்" என்று சொல்லியிருக்கிறார். பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அது என் கூடப்பிறந்தவர் வாயிலிருந்தே என் தலையில் வந்து விழும் என்று நினைக்கவில்லை. நேரே போய்க் கேட்டேன். "கொஞ்ச நாளு பொடின்னே இருக்கட்டும் பாப்பா. உனுக்கு இன்னா நஷ்டம்?" என்றார்.

எனக்கு என்ன நஷ்டமா? என் மைதானம் காலியானது, அதுதான் நஷ்டம். டீச்சர் கொடுத்த பொடியில் சொந்த அண்ணனுக்கே கிட்னி போய்விட்டதாம் என்று ஊர் முழுக்கப் பேச்சு. பள்ளிகளுக்கிடையே நடக்கும் குறுவட்டப் போட்டி நெருங்கும் நேரத்தில் ஒவ்வொரு பெண்ணாக வராமல் நின்றாள். கடைசியில், எங்கள் அணிக்கே உயிரான, ரெய்டு போகிற பெண்ணும் வரவில்லை. பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிடலாம் என்று அவள் வீட்டில் ஏற்கெனவே பேச்சு. கபடியில் மேலே போனால் விளையாட்டு விடுதியில் இடம் கிடைக்கும், படிப்பும் தொடரும் என்று நான்தான் அவள் அம்மாவைச் சம்மதிக்க வைத்திருந்தேன். அந்தம்மா புளி உடைத்துக் கொட்டை எடுக்கும் வேலைக்குப் போகிறவள். வழியில் மறித்துக் கேட்டேன். "கூடப் பொறந்தவனுக்கே அத்தக் குடுத்தவ, எம் பொண்ணுக்கு இன்னா குடுப்பியோ. படிச்சது போதும் டீச்சர், வூட்ல இருக்கட்டும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஒரு மாட்டை விற்காமல் இருக்க ஒரு பெண்ணின் படிப்பைக் காவு கொடுப்பதா? எந்த ஊர் நியாயம் இது?

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போனேன். பேசித் தீர்த்துவிடுவது என்றுதான் போனேன். அங்கே பார்த்தால் அந்தப் பெண்ணின் அம்மா, சாத்துக்குடி வாங்கிக்கொண்டு நலம் விசாரிக்க வந்து உட்கார்ந்திருக்கிறாள். அண்ணன் கொட்டகையில் காளையின் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தார். உடம்பு முடியாதபோதும் மாட்டுக்குத் தீனி அவர் கையால்தான் வைக்க வேண்டும்; பருத்திக்கொட்டை மூட்டையை வேறு யாரும் தொடக் கூடாது என்று உத்தரவு.

"வந்துட்டியா மகராசி" என்றாள் அண்ணி.

என் குரல் தெருமுனை வரை கேட்டிருக்கும். "அண்ணா! இந்தம்மா எதிர்ல சொல்லு. என் வூட்ல எப்ப வந்து குடிச்ச? எந்த டம்ளர்ல குடிச்ச? அந்தப் பொடி இன்னா நிறம்னாவது உனுக்குத் தெரியுமா? உன் மாட்டைக் காப்பாத்த என் புள்ளைங்க வாழ்க்கையில மண்ணு போடறியே, நீயெல்லாம் ஒரு அண்ணனா?"

அண்ணன் மாட்டின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கை மட்டும் காளையின் கழுத்திலேயே நின்றுவிட்டது. அண்ணி என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். குடித்தனம் நடத்துகிறவளுக்குப் புருஷன் முகம் திருப்புவதன் அர்த்தம் தெரியாதா? விறுவிறுவென்று கொட்டகைக்குள் போனாள். "மூட்டையத் தொடாத, தொடாதன்னியே, இன்னாத்தடா வச்சிக்கீற அதுல?" என்றாள். கோபம் வந்தால் அவளுக்கு மரியாதையெல்லாம் நினைவிருக்காது. மூட்டையின் அடியைத் தூக்கிக் கவிழ்த்தாள். பருத்திக்கொட்டையோடு காலி மாத்திரை அட்டைகள் பொலபொலவென்று கொட்டின. அவள் காலடியெல்லாம் அட்டை.

"அந்தப் பொடிய நான் கண்ணாலகூடப் பாத்ததில்ல" என்றார் அண்ணன், மாட்டிடம் சொல்வதுபோல. "இடுப்பு வலி தாங்கல. நீ வித்துடுவியேன்னுதான்."

அண்ணி தலையில் அடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். "மாடு பூட்டா வேற மாடு வாங்கலாம்யா. நீ பூட்டா நான் எங்க போவேன்?" என்று அழுதாள். ஆனாலும் எனக்குக் கோபம் தணியவில்லை. அவர்மேல் மட்டுமா கோபம்? டப்பாவில் வந்த பொடியை ஊரே கூடி விசாரிக்கிறது. அட்டையில் வந்த மாத்திரையை மிட்டாய் மாதிரி வாங்கித் தின்கிறது, யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

அந்தப் பெண்ணின் அம்மா எழுந்து வந்தாள். மன்னிப்பு கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. குனிந்து ஓர் அட்டையை எடுத்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். பிறகு அதை மடியில் செருகிக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாள்.

மறுநாள் சாயங்காலம் அவள் மகள் மைதானத்துக்கு வந்தாள். பாவாடையைப் பைக்குள் திணித்துவிட்டு டிராக் பேண்ட்டோடு கோட்டருகே ஓடினாள். பின்னாலேயே அம்மாவும் வந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் போனதும் மடியிலிருந்து அந்தக் காலி அட்டையை எடுத்து என் கையில் வைத்தாள்.

"தெனம் குந்திக்கினே புளி உடைக்கிறமா, முட்டிக்கு இதான் போட்டுக்கினு கீறேன் டீச்சர். மூணு வருசமா. எம் பொண்ணுதான் இஸ்கூல் வுட்டு வர்ற வழியில வாங்கியாரும்" என்றாள். "வேலூருக்கு எந்த பஸ்ஸுல போவணும்?"