கோரிப்பாளையத்து வீட்டின் நாலு கர்டர்

பழைய கட்டடத்துக்குப் பலம் பார்த்துச் சொல்லும் எங்கள் தொழிலில், கட்டடத்தைவிடக் காகிதம்தான் அதிகம் பயமுறுத்தும். வெள்ளைக்காரன் காலத்து இரும்பு கர்டர் எவ்வளவு பாரம் தாங்கும் என்பது இன்றைய கம்ப்யூட்டரில் இருக்காது. அந்தக் காலத்துக் கையேட்டைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும். அப்படி அலைந்து செருப்புத் தேய்ந்தவர்களுக்கு நான் சொல்லப்போவது புதிதாக இருக்காது.

யார் அனுப்பிய ஆள்?

கோரிப்பாளையத்தில் காதர் பாய் வீடு. தாத்தா கட்டியது. கூடத்தின் கூரையை நாலு கர்டர்கள் தாங்குகின்றன. பிரசவத்துக்கு வந்த மகள் கைக்குழந்தையோடு இங்கேயே தங்கப்போவதால், மாடியில் இரண்டு அறை கட்ட வேண்டும் என்று கூப்பிட்டிருந்தார். "வீட்டோட பழைய பிளான் இருக்கா பாய்?" என்று கேட்டேன். முகம் மாறிவிட்டது.

ஏணியில் ஏறி, குழந்தைத் தொட்டில் தொங்கிய கர்டரின் சுண்ணாம்பைச் சுரண்டினேன். இரும்பு வார்த்த ஆலையின் எழுத்துகள் தெரிந்தன. அவற்றைப் படம் எடுத்ததும் பாய் ஏணியைப் பிடித்துக்கொண்டார். நான் விழாமல் இருக்க என்று நினைத்தேன். இறங்க விடாமல் இருக்கத்தான்.

"தம்பி, ரூம் கட்டக் கூப்பிட்டா பிளான் கேக்குறீங்க, போட்டோ எடுக்குறீங்க, வீட்டுல பங்கு கேட்டுக்கிட்டு இருக்கானே எங்க பெரியத்தா மகன், அவன் அனுப்புன ஆளா நீங்க?"

இரண்டு பக்கம், இரண்டு எடை

நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் பாடம் நடத்தும் நண்பன், பழைய கையேடு ஒன்றின் பிரதியை வாட்ஸ்அப்பில் அனுப்பினான். அட்டை ஒரு புத்தகம், உள்ளே வேறு புத்தகம். போதாததற்கு, அதே அளவு கர்டருக்கு ஒரு பக்கத்தில் ஓர் எடை, பத்துப் பக்கம் தள்ளி இன்னோர் எடை. எடை தெரியாமல் பாரக் கணக்குப் போட முடியாது; எதை நம்புவது என்று அவனிடமே கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத்தான் சொன்னான்.

"மாப்ள, ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்துரு."

திடீரென்று கிடைத்த பிளான்

மாடி கட்டுவதாக இருந்தவர் கான்ட்ராக்டர் செல்வம். நான் இழுத்தடிப்பதாக நினைத்த அவர், ஒருநாள் காலையில் ஒரு சுருளோடு வந்து நின்றார். பாய் வீட்டின் ஒரிஜினல் பிளானாம். பரணில் கிடந்ததாம். தாள் நன்றாகப் பழுத்திருந்தது. ஓரமெல்லாம் பூச்சி அரித்த ஓட்டை. அஸ்திவாரம் மூன்று மாடி தாங்கும் என்று தெளிவாக எழுதியிருந்தது.

எனக்கு அந்தத் தெளிவுதான் உறுத்தியது. முகர்ந்து பார்த்தேன். டீயில் ஊறவைத்த வாசம். அளவுகளைப் பார்த்தேன். அடியும் அங்குலமும் புழங்கிய காலத்து வீட்டுக்கு எல்லாமே மில்லிமீட்டரில் இருந்தன. "என்ன செல்வம் இது?" என்றேன். அவர் கொஞ்சமும் கூச்சப்படவில்லை.

"அண்ணே, பழைய பிளான் வேணும்னுதான கேட்டீக, பழைய அளவுல வேணும்னு கேக்கலயே?"

பையைச் சோதித்த டீச்சர்

நிஜமான கையேடு கடைசியில் விளாங்குடியில் கிடைத்தது. எஸ்தர் டீச்சர், மிஷன் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காலமான அவர் கணவர் எங்கள் தொழில்காரர். புத்தகங்கள் பீரோவில் பூட்டியிருந்தன. முன்பு இரவல் வாங்கிப்போன யாரோ திருப்பித் தரவில்லையாம். அதனால் என் பையும் போனும் வாசலிலேயே நின்றுவிட்டன. கையால் எழுதிக்கொள்ள மட்டும் அனுமதி. எதிரில் நாற்காலி போட்டு, பரீட்சை ஹாலில் பார்ப்பது மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போது, வாசலிலேயே கிடந்த என் பையையும் ஒருமுறை கிளறினார்.

அவர் எதிரில் உட்கார்ந்து எழுதும்போதே பார்த்தேன்: ஆலை பெயரும் அளவும் பொருந்தின, எடையும் ஒரே எடைதான். கணக்குப்படி கர்டர் மாடியைத் தாங்கும். ஆனால் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் அவர் கணவர் பென்சிலால் எழுதியிருந்தார்: 'சுவருக்குள் இருக்கும் முனையைப் பார்க்காமல் இதை நம்பக் கூடாது.' டீச்சரிடம் காட்டினேன். அவர் முதல்முறையாகச் சிரித்தார்.

"சிலிண்டர நான் மூடிட்டேன்னு சொன்னாலும் எந்திரிச்சுப் போயி பாத்துட்டு வருவாரு தம்பி, நீங்களும் செவத்த ஒடச்சே பாத்துருங்க."

தொட்டில் தொங்கிய இடம்

பாய் அரை மனதாகச் சம்மதித்தார். குளியலறையை ஒட்டிய சுவரில், கர்டர் நுழையும் இடத்தைக் கொத்தனார் கொத்தினார். தூசிக்காகக் குழந்தையைப் பின்கட்டுக்குத் தூக்கிப் போயிருந்தார்கள். அதே கர்டரில் தொட்டில் சேலை மட்டும் தொங்கியது.

வெளியே முழுசாகத் தெரிந்த இரும்பு, சுவருக்குள் அப்பளமாக உதிர்ந்தது. வருஷக்கணக்காகக் குளியலறைத் தண்ணீர் கசிந்திருக்கிறது. ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினேன், உள்ளே இறங்கியது. முதல்நாள் அந்தத் தொட்டிலுக்குப் பக்கத்தில் ஏணி போட்டுத்தான் எழுத்தைப் படம் எடுத்திருந்தேன்.

பாயே ஏணியில் ஏறித் தொட்டிலை அவிழ்த்தார். மதியத்துக்குள் செல்வம் முட்டுக் கொடுத்துவிட்டார். அதை மட்டும் குறை சொல்ல முடியாது. மாடி அறை யோசனை அன்றோடு போயிற்று. சாயங்காலம் டீ கொண்டுவந்து நீட்டிய பாய், கூரையையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் காதோரம் குனிந்து கேட்டார்.

"மத்த மூணையும் ஒடச்சுப் பாக்காம எப்புடித் தம்பி டீ எறங்குது உங்களுக்கு?"

ஊரார் எல்லாரும் என்னைச் சந்தேகப்பட, நான் ஊரிலுள்ள காகிதத்தையெல்லாம் சந்தேகப்பட, இடையில் எப்படியோ சில கூரைகள் விழாமல் நிற்கின்றன.