பூனாகலை டவர் ரூமில் கிளம்பிய புகை

பூனாகலை டவர் ரூமில் சூடு ஏறினால் பதுளையில் இருக்கும் விஜேந்திரனுக்குத் தெரியும். ஈரம் கசிந்தால் தெரியும், கதவு திறந்தால் தெரியும், புகை கிளம்பினாலும் தெரியும். ஊவா மாகாணத்தின் செல்போன் டவர் மிஷின் ரூம்களையெல்லாம் ஒரே திரையில் காவல் காப்பதுதான் அவன் வேலை. அலாரம் வந்தால் பிரதீஷுக்குப் போன் போடுவான். பிரதீஷ் மோட்டார் சைக்கிளில் போய்ச் சரிசெய்வான். பேரும் அவனுக்கே போகும்.

விஜேந்திரனின் வயிற்றெரிச்சலே இதுதான். பூனாகலைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன் இவன்; அங்கே கொண்டாடப்படுவதோ வெலிமடைக்காரன் பிரதீஷ். அவன் போனால் ஆளாளுக்கு டீயும் ரொட்டியும் நீட்டுவார்கள். இவனைப் பெற்ற பெரியாயியே, "அந்தத் தம்பி வந்தாத்தான் சிக்னலே வருது" என்பாள்.

"நான் சொன்னாத்தாம்மா அவன் வர்றான்."

"ஆமாய்யா, நீ உக்காந்துக்கிட்டே சொல்லு."

அவனுக்கு உடம்பெல்லாம் பற்றி எரியும். பிரதீஷ் எங்காவது தொலைந்தால் பூனாகலைப் பக்கத்து வேலை தனக்கு வரும் என்று காத்திருந்தான்.

ஆயுதபூசையன்று பிரதீஷ் கூப்பிட்டான்.

"அண்ணே, பூனாகலை ரூம்ல சின்னதா ஒரு பூசை. புகை அலாரம் வந்தா பாத்துக்குங்க. யாருக்குன்னு கேட்டா சிரிப்பீங்க, அது உங்க..."

"கதையெல்லாம் வேணாம்டா. சாம்பிராணி காட்டிட்டுப் போ" என்று வெட்டினான் விஜேந்திரன்.

ரூமுக்குள் நெருப்பே ஆகாது என்பது சட்டம். ஆனால் ஆயுதபூசையன்று மிஷினுக்குப் பொட்டு வைத்துச் சாம்பிராணி காட்டாவிட்டால் நம் ஆட்களுக்கு மனசு ஆறாதே. முன்கூட்டிச் சொல்லிவிட்டால் திரை பார்ப்பவர் கண்டுகொள்ள மாட்டார். வருசா வருசம் நடப்பதுதான்.

திரையில் சிவப்பு விழுந்தது. பேசாமல் விட்டிருக்கலாம். பிரதீஷைச் சுற்றி நின்று சுண்டல் தின்னும் கூட்டம் மனக்கண்ணில் வந்துவிட்டது. உண்மையான புகை என்று கொழும்பு ஹெட் ஆபீசுக்குத் தகவல் அனுப்பிவிட்டான்.

பிரதீஷை விசாரணைக்கு அழைத்தார்கள்; அலாரம் பார்த்தவன் என்று விஜேந்திரனையும் உட்காரவைத்தார்கள். அண்ணனிடம் சொன்னேனே என்று அவன் வாய்திறந்தால் இவன் கதை முடிந்தது.

"யார்கிட்டயும் சொல்லாம நானேதான் சாம்பிராணி போட்டேன் சேர். என் தப்புதான்" என்றான் பிரதீஷ். இவன் பக்கம் திரும்பவே இல்லை.

அவனை மொனராகலைக்குத் தூக்கியடித்தார்கள். பூனாகலை விஜேந்திரனுக்குக் கிடைத்தது.

முதல் நாள் வேலை முடிந்து லயத்துக்குப் போனான். மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டு ரொட்டித் தட்டோடு வெளியே வந்த பெரியாயி, "அட, நீயா" என்றாள். சேதியைச் சொன்னதும் உள்ளே ஓடித் திருநீறு எடுத்துவந்தாள்.

"பூசிக்க. அன்னிக்கு ஒம் பேருக்குப் பண்ணுன பூசை, பலிச்சிருச்சு. நெருப்பு ஆகாதுன்னு அந்தத் தம்பி எவ்வளவோ சொல்லிச்சு. எம்மவனுக்குச் சோறு போடுற பெட்டிய்யா, அவனுக்கு நம்ம ஊரு வேல கெடைக்கணும்னு நாந்தான் புடிவாதமா நின்னேன். ஒங்கிட்ட சொல்லலையா அது?"

"இல்லம்மா."

"சரி, எங்க அந்தத் தம்பி?"

"மொனராகலைக்கு மாத்திட்டாங்க."

"யாரோ வயித்தெரிச்சல் புடிச்சவன் பாத்த வேல" என்றாள் பெரியாயி.

விஜேந்திரன் குனிந்து திருநீறு வாங்கிக்கொண்டான். பெற்றவளையும் தன்னையும் காட்டிக்கொடுக்காமல் போனவன்மீது அவனுக்கு முன்னைவிடப் பொறாமையாக இருந்தது.