சிவப்பு விளக்கு எரியாத ஸ்பீக்கர்

ஆலத்தியூர் சிமென்ட் ஆலைக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. கூடத்தில் எதை வைத்தாலும் இரண்டே நாளில் வெள்ளையாகத் தூசி படிந்துவிடும். வீட்டில் சினிமா பார்ப்பதற்காக, உயர்ரகமான பழைய டிஜிட்டல் ஸ்பீக்கர்கள் இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன். ஆம்ப்ளிஃபையர் பெட்டிக்குள்ளேயே இருப்பதால், ஒவ்வொன்றும் நேராக மின்சாரத்தில் ஓடும். ஒன்றில், கரண்ட் ஓடுவதைக் காட்டும் சிவப்பு விளக்கு பழுதாகிப் பல மாதங்கள் ஆகியிருந்தன. சத்தம் நன்றாக வந்ததால் அப்படியே விட்டுவிட்டேன்.

சென்ற மாதம் ஒரு ஞாயிறு காலை, என் மனைவி செல்வி அந்த ஸ்பீக்கரைத் துடைக்க ஈரத்துணியுடன் வந்து, "கரண்ட ஆஃப் பண்ணிட்டீங்களா?" என்று கேட்டாள். நாளிதழிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தேன். விளக்கு எரியவில்லை; அது பழுதானது என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை. "பண்ணியாச்சு, தொடை" என்றேன். உண்மையில் டிவியை மட்டும்தான் அணைத்திருந்தேன்.

பின்புறம் வயர் நுழையும் இடத்தில் துணி பட்டதும் அவள் சுவரோரம் போய் விழுந்தாள். வலது கை ஒரு மணி நேரம் மரத்துக் கிடந்தது. அரியலூர் ஆஸ்பத்திரியில் இசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, பயமில்லை என்றார்கள். திரும்பும் பஸ்ஸில், "இத்தனை வருசத்துல இன்னைக்குத்தாங்க உங்க ஸ்பீக்கர் என்கிட்ட பேசுச்சு" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விளக்கை மாற்றிவிட்டேன். ஆனாலும் அவள் கேட்டால், உட்கார்ந்த இடத்திலிருந்து பதில் சொல்வதில்லை. எழுந்துபோய் பிளக்கைப் பிடுங்கி அவள் கையில் கொடுக்கிறேன்.