அவாதிஃப் கொடுத்த ஆறு கோழிகள்

என் மனைவி அவாதிஃபைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் தங்கமான மனுஷி என்பார்கள். அவர்களுக்கென்ன, கூடக் குடித்தனம் நடத்துகிறவன் நானல்லவா? போன குளிரில் என் கம்பளியை யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டாள். அதற்கு முந்தின வருடம் என் ஒரே நல்ல செருப்பு. கேட்டால் ஒரே பதில்தான்: ஆண்டவர் பார்த்துக்கொள்வார்.

இந்த வருடம், ஈஸ்டருக்கு முன் கறி, பால், முட்டை எதையும் தொடாத பெரிய நோன்பின் நடுவில் எங்கள் மகள் மார்த்தாவுக்குப் பேறுகாலம். தலைப்பிள்ளை. பிள்ளை பெற்றவளுக்கு நோன்பு கிடையாது. கறிச்சாறு குடித்தால்தான் பால் ஊறும். தாய்வீட்டிலிருந்து கூடை போகாவிட்டால், நைலுக்கு அக்கரையில் இருக்கும் அவள் மாமியார் ஆயுசுக்கும் குத்திக்காட்டியே கொன்றுவிடுவாள். அதற்காகவே ஆறு கோழிகளுக்குச் சோளம் போட்டு வளர்த்தோம். ஈஸ்டருக்கென்று நான் வளர்க்கும் செம்மறிக் கடா வேறு. அதன்மேல் யாரும் கைவைக்க விடமாட்டேன்.

செவ்வாய்க்கிழமை வயலிலிருந்து வந்து பார்த்தால் கூண்டு காலி.

"கோழி எங்கடி?"

"ஹெலானாவுக்குக் குடுத்துட்டேன். காலையில பொம்பளப் புள்ள பொறந்திருக்கு. வீட்டுல காஞ்ச ரொட்டியத் தவிர ஒண்ணுமில்ல."

ஹெலானா, கல்குவாரியில் புருஷனைப் பறிகொடுத்தவள். பாவம்தான், இல்லையென்று சொல்லவில்லை. அதற்காக ஆறையுமா?

"ரெண்டு குடுக்கலாம், மூணு குடுக்கலாம். மொத்தத்தையும் தூக்கிக் குடுப்பாளா ஒருத்தி? மார்த்தாவுக்கு என்னத்தக் கொண்டுபோவ? உன் தலையையா?"

"ஆண்டவர் பாத்துக்குவாரு, மார்த்தா அப்பா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நானுந்தான் குடுக்கிறேன்! நோன்பு வந்தா எருமைப் பாலு, முட்டைன்னு கோயிலுக்கு அனுப்பலயா?"

"நோன்புல நாம தொடக்கூடாது, வச்சிருந்தா கெட்டுப்போகும். அதக் குடுத்துட்டு கொடைங்கிற. கோயில்லயும் யாரும் தொடமாட்டாங்க. அங்க வாங்கி அந்தப் பாலக் குடிக்கிற பக்கத்துவீட்டு முஸ்லிம் பிள்ளைகதான் உனக்கு நன்றி சொல்லணும்" என்று சிரித்தாள்.

சிரித்தாளே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. நாலு கோழியையாவது திருப்பி வாங்கிவருவதென்று ஹெலானா வீட்டுக்கு நடந்தேன். ஆமாம், கொடுத்ததைத் திருப்பிக் கேட்கத்தான் போனேன். நான் வாயைத் திறக்குமுன் படுத்திருந்தவள் கட்டிலடியைக் காட்டினாள். நாலு கோழிகள் கால் கட்டிக் கிடந்தன.

"அண்ணே, நல்லவேளை வந்தீங்க. மார்த்தாவுக்கும் இது மாசந்தானே? அக்காகிட்டச் சொன்னா திட்டும். நீங்க தூக்கிட்டுப் போயிருங்க."

முகத்தில் அறைந்ததுபோல் இருந்தது. "கோழியா? நான் புள்ளயப் பாக்கத்தான் வந்தேன்" என்று பொய் சொல்லிவிட்டு வெறுங்கையோடு திரும்பினேன். வழியெல்லாம் அவாதிஃபைத் திட்டினேன். உண்மையில் என்னைத்தான் திட்டியிருக்க வேண்டும்.

மறுநாள் காலை அக்கரையிலிருந்து போன் வந்தது. மார்த்தாவுக்கு ஆண் பிள்ளை. அவாதிஃப் கறுப்புச் சால்வையைப் போர்த்திக்கொண்டு, காலிக் கூடையோடு முற்றத்தில் நின்றாள். கடா கத்தியது. அவள் அதன் பக்கம் திரும்பவே இல்லை.

"என்னடி பாக்குற?"

"நான் எங்க பாத்தேன்?"

அதுதான் என்னை இன்னும் கொதிக்க வைத்தது. கடாவைக் கட்டியிருந்த முளைக்குச்சியைப் பிடுங்கி வீசினேன். கயிற்றை அவள் கையில் திணித்தேன். கடாவோடு படகில் ஏறினோம். நடு ஆற்றில் அவள் என் பக்கம் திரும்பினாள்.

"பாத்துக்குவாருன்னு சொன்னேன்ல?"

"யாரு? ஆண்டவரா பத்து மாசமா புல்லறுத்துப் போட்டாரு? நான்டி! இந்தக் கையாலடி!"

"அதத்தானே நானும் சொல்றேன்" என்றாள் அவாதிஃப்.