யூகுதா தூக்காத கம்பு

யூகுதாகிட்ட ஊரு ஒரு கம்பை ஒப்படைச்சிருந்துச்சு. ரோட்டுக்குக் குறுக்கால போற தடுப்புக் கம்பு, ஒரு முனையில கல்லு கட்டி, செவப்பும் வெள்ளையுமா பெயிண்ட் அடிச்சது. மழை பேஞ்சா எறக்கணும், செம்மண்ணு காஞ்சா தூக்கணும். அவ்ளோதான் வேலை. ஆனா திட்டு வாங்குறதுல நவுண்டேரே டவுன் பக்கத்துல அவர மிஞ்ச ஆளு கெடையாது.

"ஒங்கப்பன் வீட்டு ரோடா?"ன்னு லாரிக்காரங்க கத்துவாங்க.

"எங்கப்பன் வீட்டுக்கும் இதுலதான்டா போகணும்"பாரு. செருப்பைக் கழட்டி, குதிகாலை மண்ணுல அழுத்திப் பாப்பாரு. அந்தத் தடத்துல தண்ணி ஊறுச்சுன்னா பேசாம பாயில போய் உக்காந்துக்குவாரு. பைக்கு போகலாம், நடந்து போகலாம். லாரியும் பஸ்ஸும் மட்டும் கூடாது.

ஏன் இவ்ளோ பிடிவாதம்னு ஊருக்குத் தெரியும். கம்பு வர்றதுக்கு முந்தி, ஈரத்துல லாரி ஓட்டி ஓட்டி ரோடு உழுத காடு மாதிரி கெடந்துச்சு. அவரு மக ஜனாபுவுக்கு மொத வலி வந்தப்ப, ஏத்திட்டுப் போன வண்டி நடுவழியில பொதைஞ்சு போச்சு. பிள்ளை தங்கல. அதப்பத்தி அவரு பேசுறதே இல்ல. குதிகாலை மட்டும் அழுத்திப் பாப்பாரு.

இந்தத் தடவை ரோடு குழி இல்லாம மட்டமா இருந்துச்சு. ஜனாபு நேரத்தோட ஆஸ்பத்திரி போய்ச் சேந்தா. ஆபரேஷன் பண்ணி ஆம்பளப் பிள்ளைய எடுத்தாங்க.

பேரு வைக்கிற நாளு அன்னிக்கு. கம்புலேர்ந்து ரெண்டு மேடு தாண்டி வீடு. வாசல்ல சொந்தபந்தம் எல்லாம் கூடிருச்சு, கிடாவும் கட்டியாச்சு. விடியக்காலம் பாத்து மழை கொட்டித் தீத்துச்சு. யூகுதா கம்பை எறக்குனாரு. கொஞ்ச நேரத்துல, அந்த வழியா அடிக்கடி லோடு அடிக்கிற ஜிப்ரில்லாவோட லாரி வந்து நின்னுச்சு. பின்னாடி கோலாக்கொட்டை மூட்டை, முன்சீட்டுல ஆஸ்பத்திரியிலேர்ந்து வர்ற ஜனாபு, மடியில பிள்ளை.

"மாமா, கம்பைத் தூக்குங்க! யாரைக் கொண்டாந்திருக்கேன் பாருங்க!"ன்னான் ஜிப்ரில்லா.

அதுக்குள்ள பின்னாடி லாரி வரிசை கட்டிருச்சு. ஒருத்தன் கத்துனான்: "பேரன் வந்துட்டான்ல, இன்னிக்கு ரோடு தானாக் காஞ்சிரும் பாரு!" எல்லாரும் கொல்லுன்னு சிரிச்சாங்க.

யூகுதா குதிகாலை அழுத்துனாரு. தண்ணி ஊறுச்சு. இன்னிக்குத் தூக்கிட்டா நாளையிலேர்ந்து ஒருத்தனும் இந்தக் கம்புக்கு நிக்கமாட்டான்னு அவருக்குத் தெரியும். பிள்ளை மொகத்தை இன்னும் பாக்கவே இல்ல. கை தன்னால கல்லுப்பக்கம் போச்சு. போன கையை இழுத்துக்கிட்டாரு.

ஜனாபு ஜன்னல் வழியா எட்டிப் பாத்தா. "நீங்க தூக்கமாட்டீங்க, தெரியும்ப்பா. இவனையாவது வாங்குங்க, கை மரத்துப் போச்சு."

வாங்குனாரு. பிள்ளை தூக்கத்துலயே அவரு சுண்டுவெரலப் புடிச்சுக்கிச்சு. அப்புறம் அவரு அசையவே இல்ல.

அந்நேரம் பாத்து அவரு பொண்டாட்டி மைராமா பைக்குல வந்து எறங்குனா. "இமாம் வந்து காத்துக்கெடக்காரு. நீங்க இங்க கம்போட குடும்பம் நடத்துறீங்களா?"

"ஜனாபு பைக்குல ஏற முடியாது. தையல் போட்ட ஒடம்பு."

"அப்பத் தூக்கித் தொலைங்களேன்!"

"மாட்டேன் மைராமா."

மைராமா திட்ட வாயைத் தொறந்தா. பிள்ளைய ஒரு பார்வை பாத்தா, குழி இல்லாத ரோட்டை ஒரு பார்வை பாத்தா. மூக்கை உறிஞ்சிக்கிட்டா. "சரி. பிள்ளை அங்க வரலேன்னா கிடா இங்க வரட்டும்."

அவ போனதுதான் தெரியும், ஊரே கெளம்பி வந்துருச்சு. பாயும் சட்டியும் தலைமேல. இமாம் அங்கிய முழங்காலுக்குத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு வந்தாரு. கிடா ஒரு பைக்குல, ரெண்டு ஆளுக்கு நடுவுல, மாப்பிள்ளை கணக்கா உக்காந்து வந்துச்சு. அதப் பாத்து லாரிக்காரங்க விசில் அடிச்சாங்க.

எல்லாம் வந்துச்சு, வெத்தலபாக்கு மாதிரி எல்லாருக்கும் மெல்லப் பங்கு வைக்க வேண்டிய கோலாக்கொட்டை மட்டும் வரல. அவசரத்துல கூடையை வீட்டுலயே விட்டுட்டா மைராமா. தலையில அடிச்சுக்கிட்டா. கோலா இல்லாம பேரு வைக்கிறதா?

ஜிப்ரில்லா லாரி மேல ஏறி ஒரு மூட்டையை அவுத்தான். ரெண்டு கையும் நெறைய அள்ளிட்டு வந்தான். "போன தடவை கம்பைத் தூக்கச் சொல்லி இதே கோலாவை நீட்டுனேன். மூஞ்சியத் திருப்பிக்கிட்டீங்க. இன்னிக்காவது வாங்குவீங்களா மாமா?"

"எதுக்குடா தர்ற?"

"கம்புக்கு இல்ல. இவனுக்கு."

யூகுதா மடியை விரிச்சாரு.

கூட்டத்தோட வந்திருந்த பிள்ளையோட அப்பன் சொன்ன பேரை இமாம் காதுல ஓதுனாரு: பாஷிரு. "அது ஒங்களுக்கு. எங்களுக்கு இவன் கம்புதான்!"னு லாரிக்காரங்க கூவுனாங்க. ஜனாபு வயித்தைப் புடிச்சுக்கிட்டு, "சிரிக்க வைக்காதீங்கடா, தையல் பிரிஞ்சிரும்"னா.

கிடாக்கறி வெந்து, எல்லாரும் பாயில உக்காந்து சாப்பிடுறதுக்குள்ள வெயில் சுள்ளுன்னு ஏறுச்சு. பேரனைத் தோள்ல சாச்சுக்கிட்டு யூகுதா குதிகாலை அழுத்துனாரு. தடம் வறண்டே கெடந்துச்சு. கல்லை ஒத்தக்கையால அமுக்குனாரு. கம்பு மேல எழும்புச்சு.

"போங்கடா, போங்க!"

ஒருத்தனும் எந்திரிக்கல. ஜிப்ரில்லா கையில கறித்துண்டோட நிமிந்து பாத்தான். "என்ன மாமா அவசரம்? மண்ணு இன்னும் கொஞ்சம் காயட்டும்."