பாஞ்சாலி கோத்த எழுபத்தேழு மணி

பாஞ்சாலிக்கு மணி வேலை தெரியும் என்பது அவள் வாயால் சொல்லித் தெருவில் யாருக்கும் தெரியவில்லை. நிலைப்படிக்கு மேல் தொங்கிய மணித்தோரணத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். கிளியனூரில் பிறந்தவள். அம்மா படுக்கையில் விழுந்தபோது ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. தம்பி தங்கைகளுக்குக் கேப்பைக் களி கிண்டப் போய்விட்டாள். திண்டிவனத்தில் அறிவியல் ஆசிரியர் அப்பாதுரைக்கு வாழ்க்கைப்பட்டு வந்து பன்னிரண்டு வருஷமாகியும் கூச்சம் போகவில்லை. யார் வந்தாலும் கதவுக்குப் பின்னால் நின்றபடி தண்ணீர்ச் செம்பை நீட்டுவாள். ஆனால் வந்தவருடைய சட்டையில் எத்தனையாவது பொத்தான் இல்லை என்பதுவரை பார்த்திருப்பாள்.

அப்பாதுரை அதற்கு நேர் எதிர். வீட்டுக்குள்ளேயும் வகுப்பெடுப்பார். குழம்பு கொதித்தால் ஆவியைப் பற்றிப் பேசுவார். பாஞ்சாலி ‘உம்’ கொட்டிக்கொண்டே அரிசி களைவாள். கேட்டதில் ஒன்றையும் மறக்கமாட்டாள்.

1967இல் விழுப்புரத்தில் நடக்கவிருந்த பள்ளிகளின் அறிவியல் கண்காட்சியில் பேச அவருக்கு அழைப்பு வந்தது. சென்னையிலிருந்து நண்பர் அனுப்பிய பத்திரிகையில் ஒரு படம் இருந்தது. ஈஸ்ட்டிலிருந்து எடுத்த ஒரு சின்ன ஆர்.என்.ஏ.வின் எழுத்துகளை அமெரிக்காவில் வரிசையாகப் படித்துவிட்டார்களாம்.

“இத பாரு பாஞ்சாலி. நாலே நாலு எழுத்து. அதுவே மாறி மாறி வந்து ஒரே சரம். ஆனா சரம் நேரா நிக்காது, தன் மேலயே மடங்கிக்கும். சோடி சேர்ற எடம் தண்டா வெறச்சுக்கும், சேராத எடம் வளையமா தொங்கும்.”

“எதுக்குங்க மடங்கணும்?”

“கொத்தனாருக்குக் கல்லு எடுத்துக் குடுக்குற சித்தாளு இல்ல? அந்த வேலைதான் இதுக்கு. இந்த வால் முனையில சரக்கப் புடிச்சுக்கும். அடி வளையத்துல மூணு எழுத்து இருக்குது பாரு, அத வச்சிக் கட்டளையப் படிக்கும். இந்தக் கல்லு இந்த எடத்துலன்னு குடுக்கும். ஒடம்புல புரோட்டீன் அப்படித்தான் கட்டுறது. மடங்கலன்னா புடிக்கவும் முடியாது, படிக்கவும் முடியாது.”

எழுத்துக்கு ஒரு வண்ணம் வைத்து, அட்டையில் படம் போட்டு, அதேபோல மணியில் கோத்துத் தரச் சொன்னார். சிவப்புக்குப் பச்சை சோடி. நீலத்துக்கு மஞ்சள் சோடி. அடுத்த வீட்டு நஃபீசா பீவி புதுச்சேரிக்குப் போனபோது மணி வாங்கி வந்தாள்.

“இன்னா பாஞ்சாலி, அட்டிகையா?”

“கண்காட்சிக்குக்கா.”

“பொண்டாட்டி கழுத்துக்கு ஒண்ணும் காணோம், பள்ளிக்கூடத்துக்கு மட்டும் கலர் கலரா வாங்குறாரு. நல்ல வாத்தியாருதான் போ!”

மெல்லிய செப்புக் கம்பியில் எழுபத்தேழு மணிகளைக் கோத்து, மடக்கி, சோடிகளை வெள்ளை நூலால் கட்டிக்கொண்டு வந்தவள், மேல் தண்டில் ஏணிப்படிபோல் அமைந்த சோடிகளில் மூன்றாவதில் நின்றுவிட்டாள். நீலத்துக்கு எதிரே பச்சை. அட்டையைப் பார்த்தாள், அதிலும் பச்சைதான். அவசரத்தில் வண்ணம் மாற்றித் தீட்டிவிட்டார் என்று நினைத்தாள். கூப்பிட்டுச் சொன்னால் மனசு சுருங்கிப் போவார். வால் முனையை அவிழ்த்து, ஆறு மணிகளை உருவி, ஏழாவதாக இருந்த பச்சையை எடுத்துவிட்டு மஞ்சளைக் கோத்தாள். யாருக்கும் சொல்லவில்லை.

கண்காட்சியன்று காலை ரயிலில், மணிச்சரம் வைத்த பெட்டி அவள் மடியில் இருந்தது. மயிலம் தாண்டியதும் அப்பாதுரை பேச்சை ஒத்திகை பார்க்க ஆரம்பித்தார்.

“பெரியோர்களே, மூன்றாவது படியைப் பாருங்கள். நீலமும் பச்சையும் முறையான சோடி இல்லை. ஆனாலும் கொஞ்சம் நகர்ந்து, ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன. தண்டு உடையவில்லை. இது ஏன் இப்படி என்று ஆராய்கிறார்கள்…” நிறுத்தி அவளைப் பார்த்தார். “எப்படி? எல்லாரும் அசந்துடுவாங்க இல்ல?”

புதுச்சேரிக் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் பார்வையிட வருகிறார் என்று அப்பாதுரை ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“என்னாங்க. அது இப்ப மஞ்சளுங்க.”

“எது?”

“நீங்க தப்பாப் போட்டுட்டீங்கன்னு நெனச்சி மாத்திட்டேன்.”

அவர் பெட்டியைத் திறந்து பார்த்தார். “அய்யோ பாஞ்சாலி! என் பேச்சே அதுதானே. பச்ச மணி இருக்குதா?”

“எல்லாம் வீட்டுல.”

திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் திட்டவில்லை. பேனாவை எடுத்து அந்தப் பத்தியை மட்டும் அடித்துவிட்டு, காகிதத்தை மடித்து, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “பரவால்ல, விடு. மத்தத பேசுறேன்” என்றபோது குரல் ஒரு மாதிரி இருந்தது. திட்டியிருந்தால் தேவலை என்று பட்டது அவளுக்கு.

வண்டி பேரணி ஸ்டேஷனில் நின்றது. பாஞ்சாலி தன் புடவையைக் குனிந்து பார்த்தாள். தீபாவளிக்கு எடுத்த பச்சைப் புடவை. தலைப்பு ஓரத்தில் ஓர் இழையைப் பல்லால் கடித்து இழுத்தாள்.

“இன்னா பண்ற! புதுப் பொடவ!”

“கொஞ்சம் பெட்டியப் புடிங்க.”

ஓடுகிற வண்டியில் மணியைக் கழற்றிக் கோக்க முடியாது. மஞ்சள் மணி இருந்த இடத்திலேயே இருக்க, அதன் மேல் இழையைச் சுற்றினாள். விக்கிரவாண்டியில் இன்னோர் இழை எடுத்தாள். மஞ்சள் கொஞ்சமும் தெரியாமல் மூடி முடிச்சுப் போட்டபோது விழுப்புரம் வந்திருந்தது. அப்பாதுரை மடித்த காகிதத்தைப் பிரித்து, அடித்த பத்தியின் மேல் மறுபடியும் எழுதினார்.

பேச்சு நன்றாகவே போனது. ஆனால் பேராசிரியர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சரத்தைக் குனிந்து பார்த்தார். “இந்த ஒண்ணு மட்டும் ஏன் குண்டா இருக்கு?”

அப்பாதுரை சுவரோரம் நின்றவளைக் கைகாட்டினார். “கோத்தது அவங்கதாங்க. அவங்களே சொல்லுவாங்க.”

ஒளிந்துகொள்ளக் கதவு எதுவும் பக்கத்தில் இல்லை. பாஞ்சாலி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“எல்லாம் சோடி சேருது, இது மட்டும் சேரலன்னு நான்தாங்க மஞ்சளா மாத்திட்டேன். ரயில்லதான் தெரிஞ்சுது, சேராததுதான் நெசம்னு. பச்ச மணி கையில இல்ல. அதான் பொடவ நூலு.”

“சேரலன்னு நீங்களாவாம்மா கண்டுபுடிச்சீங்க?”

“பாத்தா தெரியுதுங்களே.”

பேராசிரியர் சிரித்துவிட்டார். “எங்க பசங்களும் ஒரு வாரமா இதே படத்தப் பாக்குறானுங்க. ஒருத்தனும் கேக்கல.”

மத்தியானத்துக்குள் அப்பாதுரைக்குத் தொண்டை கட்டிவிட்டது. பெண்கள் பள்ளியிலிருந்து ஒரு கூட்டம் வந்து நின்றபோது, ‘நீயே சொல்லு’ என்று சைகை காட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். பாஞ்சாலி முதல் தடவை நாலு எழுத்திலிருந்து ஆரம்பித்தாள். குரல் எழும்பவில்லை, பிள்ளைகள் அக்கம்பக்கம் பார்த்தார்கள். அடுத்த கூட்டத்துக்குத் தன் தப்பிலிருந்து ஆரம்பித்தாள். எல்லோரும் கிட்டே வந்து குனிந்தார்கள்.